பட்டினி கிடக்கும் இதயம்

1945இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர், தாமாக முன்வந்த 36 இளைஞர்களுக்கு 24 வாரம் அரைவயிற்றுச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார். எடை கால்பங்கு இறங்கியது. நிமிடத்துக்குச் சுமார் 55 ஆக இருந்த நாடித்துடிப்பு 35 வரை வந்தது. இதயமும் சுருங்கியது. உணவு கிடைக்காத உடம்பு கொழுப்போடு நிற்பதில்லை, தசையையும் கரைக்கிறது. இதயமும் தசைதானே.

அவர்கள் திடகாத்திரமான ஆண்கள். ஏற்கெனவே இதய நோய் உள்ளவருக்குப் பட்டினி இன்னும் ஆபத்து. எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டை ஒதுக்குவதும், அளவில்லாமல் சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுப்பதும் பிடிவாதம் அல்ல, மனநோய். அதன் அடி நேராக இதயத்தில் விழுகிறது.

ஒவ்வொரு துடிப்பும் ஒரு மின் அலை. அதை நடத்துவதில் பொட்டாசியத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ரத்தத்தில் அது லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். அடிக்கடி வாந்தி எடுத்தால் அது சரிகிறது. இதயம் பலவீனமானவர்களுக்குத் தரும் நீர் மாத்திரைகளில் பலவும் சிறுநீர் வழியாக அதையே வெளியேற்றுகின்றன. இரண்டும் சேர்ந்தால் துடிப்பு தாறுமாறாகி, உயிரே போகலாம்.

டிகாக்சின் என்ற இதய மருந்தைச் சாப்பிடுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இதயச் செல்லின் சுவரில் உள்ள ஒரே பம்ப்பைப் பிடிக்க இந்த மருந்தும் பொட்டாசியமும் போட்டி போடுகின்றன. பொட்டாசியம் குறைந்தால் மருந்தின் கை ஓங்கிவிடும். வழக்கமாகச் சாப்பிடும் அளவே நஞ்சாகலாம்.

பல நாள் பட்டினி கிடந்தவருக்கு ஒரேயடியாக நிறையச் சாப்பாடு கொடுப்பதும் தவறு. உணவு வந்ததும் சுரக்கும் இன்சுலின், ரத்தத்திலுள்ள பாஸ்பேட்டைச் செல்லுக்குள் இழுத்துக்கொள்ளும். பாஸ்பேட் சட்டென்று குறைந்தால் மெலிந்த இதயம் தாங்காது. அதனால்தான் மருத்துவர்கள் ரத்தப் பரிசோதனை செய்தபடியே உணவைப் படிப்படியாகக் கூட்டுகிறார்கள்.

ஆள் ஒல்லியாக இல்லையே என்று அலட்சியம் வேண்டாம். சராசரி எடை உள்ளவருக்கும் பொட்டாசியம் அபாயகரமாகக் குறையலாம். மயக்கம், படபடப்பு வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சாப்பாட்டைத் தவிர்ப்பதையும் வாந்தி எடுப்பதையும் இதய மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அது தெரிந்தால்தான் அவர் ஈசிஜி, பொட்டாசியம், மெக்னீசியம், பாஸ்பேட் பார்த்து மருந்தின் அளவை மாற்ற முடியும். மனநல மருத்துவரும் உடன் இருக்கட்டும். வீட்டில் இருப்பவர்கள் திட்டாமல் கூட வந்தாலே, சொல்லத் தயங்குபவர் வாய் திறப்பார்.