ஒரு நாள் தனிநடை

பத்துப்பாட்டுள் ஐந்து நூல்கள் ஆற்றுப்படை எனப்படும். ஆறு என்பது ஈண்டு வழி. பரிசில் பெற்று மீளும் ஒருவன், வறுமையால் வாடி எதிர்வரும் மற்றொருவனுக்கு, இன்ன வழியே சென்று இன்னாரைக் காண்க எனக் கூறுவதே அதன் இலக்கணம். அவ்வைந்தனுள் 583 அடிகளாலாகிய மலைபடுகடாம் வழியின் இடர்களை மிக விரித்துரைப்பது. பன்றிக்கு வைத்த பொறிகள், பாம்பு உறையும் குழிகள், தினைக்காவலர் எறியும் கவண்கற்கள், பாசி படர்ந்து வழுக்கும் நீர்த்துறைகள் ஆகியவற்றை அது முன்னறிவிக்கின்றது. வகுப்பில் இதனைப் பயின்றபோது, இத்துணை எச்சரிக்கை எற்றுக்கு என எண்ணினேன். சென்ற மாசித் திங்களில் மூட்டை சுமந்து ஒரு நாள் தனியே நடந்த பின்னரே அதற்கு விடை கண்டேன். அத்தகைய நடையை விரும்பும் நண்பர்க்குப் பயன்படுமாறு, யான் அறிந்தவற்றை முறையே கூறுவல்.

முதற்கண் வழியைத் தெரிந்துகொள்ளல் வேண்டும். பொதிகையிற் பிறந்து, ஏறக்குறைய 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலருகே கடலொடு கலக்கும் தாமிரபரணியின் கரையினும் சிறந்த நடைவழி நம் நாட்டிற் காண்டல் அரிது. ஆயினும் பாபநாசத்திற்கு மேலுள்ள காடு, களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. 1988ஆம் ஆண்டு முதல் அவ்வாறு காக்கப்பட்டு வருவது. யானையும் கரடியும் உலவும் அக்காட்டில் இசைவின்றித் தனியே புகுதல் சட்டத்திற்கும் அறிவிற்கும் மாறாகும். ஆதலின் பாபநாசத்திற் புறப்பட்டு, அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர் வழியாகச் சேரன்மாதேவி சேர்வதென முடிவு செய்தேன். இது 25 கிலோமீட்டருக்குக் குறையாது.

அடுத்தது காலக் கணக்கு. நேஸ்மித் என்னும் ஸ்காட்லாந்து மலையேறி 1892ஆம் ஆண்டில் ஒரு விதி வகுத்தார். மணிக்கு மூன்று மைல் நடக்கலாம். இரண்டாயிரம் அடி ஏற்றத்திற்கு மேலும் ஒரு மணி கூட்டுக என்பது அது. நம் வழியில் ஏற்றமில்லை; ஆனால் வெயில் உண்டு. சுமையோடு வெயிலில் நடப்பவன் மணிக்கு நான்கு கிலோமீட்டருக்கு மேல் கணக்கிடலாகாது. சுமையோ உடலின் எடையிற் பத்தில் ஒரு பங்கிற்கு மேற்படாதிருத்தல் நன்று. தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் வேண்டும். யான் இவற்றுள் இரண்டு பிழை செய்தேன். நிழலிலமர்ந்து படிக்கலாமென நான்கு தடித்த நூல்களைச் சுமந்தேன்; அவற்றின் சுமைக்கு அஞ்சித் தண்ணீரைக் குறைத்தேன். அன்று ஒரு நூலையேனும் திறந்திலேன்.

காலை ஆறு மணிக்குப் பாபநாசத்தை விட்டேன். அம்பாசமுத்திரம் கடந்து, ஆற்றுப் பாலத்தின் வழியே தென்கரை சேர்ந்தபோது வெயில் இனிதாகவே இருந்தது. தென்கரையிற் கன்னடியன் கால்வாய் வழித்துணையாயிற்று. இக்கால்வாயைப் பற்றி இப்பகுதியில் ஒரு கதை வழங்குகின்றது. கன்னட நாட்டவர் ஒருவர், தமக்குக் கிடைத்த செல்வத்தை எவ்வழியிற் செலவிடுவதென அகத்தியரை வினவினாராம். ஒரு பசு நடக்கும் வழியே கால்வாய் வெட்டுக, அது படுக்கும் இடத்திற் குளம் தோண்டுக என அவர் பணித்தாராம். கதை எவ்வாறாயினும், நடையால் அமைந்த கால்வாய் என்னும் அக்கருத்து நடப்பவனுக்கு உவகை தருவதே. இருமருங்கும் பிசான நெல் முற்றித் தலைசாய்ந்து நின்றது.

வீரவநல்லூரைத் தாண்டிய சிறிது தொலைவில் கால்வாயினின்று ஒரு கிளை பிரிந்தது. நிழல் மிகுந்திருந்தமையாற் கிளையின் கரையையே பற்றினேன். ஒரு மணி நேரம் சென்றபின் அது வயல்களுக்கிடையே சிறு வாய்க்காலாய்த் தேய்ந்து மறைந்தது. நேரம் நண்பகல். குப்பியில் நீரில்லை. குதிகாலிற் கொப்புளம் உடைந்திருந்தது. வாய்க்கால் நீரோ ஊர்க்கழிவு கலப்பதாகலின் காய்ச்சாது பருகத் தகாதது. தலை சுழன்றது. பாபநாசம் செல்வதாக மட்டுமே விடுதி நண்பனிடம் கூறியிருந்தேன். யான் ஈங்கு விழுந்தால் எவரும் என்னைத் தேடி வாரார் என்பது அப்பொழுதுதான் உறைத்தது. உண்மையாகவே அஞ்சினேன்.

தொலைவில் ஒரு வேப்பமரத்தடியிற் களையெடுப்போர் சிலர் அமர்ந்து உண்டுகொண்டிருந்தனர். அவர்களுள் முதியவள் ஒருத்தி, யான் கேட்குமுன்னரே தூக்குச்சட்டியிலிருந்த நீராகாரத்தை உப்பிட்டு நீட்டினாள். “எய்யா, இந்த வெயில்ல ஒத்தையாவா வந்த? வீட்டுல சொல்லிட்டு வந்தியா?” என்று வினவினாள். மறுமொழி கூற நாணினேன். சற்றே இளைப்பாறிய பின், “கால் ரெண்டாப் பிரியுற எடத்துல நெழலப் பாக்காத; அகலத்தப் பாரு. அகலமான கரையிலயே போனா சேரமாதேவிதான்” என்று வழி கூறினாள். அங்ஙனமே மீண்டு நடந்து, மாலை ஐந்து மணியளவிற் சேரன்மாதேவி சேர்ந்து, இரயிலேறித் திருநெல்வேலி வந்தேன்.

அமெரிக்காவில் 1937ஆம் ஆண்டில் அமைந்து முடிந்த அப்பலேச்சியன் நடைவழி ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர் நீள்வது. அதன் நெடுகிலும் மரங்களில் வெண்பட்டைகள் தீட்டி வழி காட்டியிருக்கின்றனர். நம் கால்வாய்க் கரையில் அத்தகைய குறிகள் இல்லை. ஈண்டு வழியறிந்த மக்களே குறிகள். 1841ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து பெரும்பாலும் கால்நடையாகவே நம் மாவட்டத்திற்கு வந்த கால்டுவெல் ஐயரும் இந்நாட்டு மக்களையும் மொழியையும் வழியிலே கண்டு பயின்றார்.

ஆகவே தனியே நடக்க விழையும் நண்பர்காள்! செல்லும் வழியையும் மீளும் நேரத்தையும் ஒருவரிடம் சொல்லிச் செல்லுங்கள். நூலைக் குறைத்து நீரை மிகுத்துக் கொள்ளுங்கள். பதினொரு மணி முதல் மூன்று மணிவரை நிழலில் தங்குங்கள். வழி பிரியுமிடத்து வினவ நாணாதீர்கள். தன்னந்தனியே ஒரு நாள் நடந்து யான் கற்றது, பிறரின்றி ஒருவன் வழிநடத்தல் இயலாது என்பதே. பெற்றவன் பெறாதவனுக்கு வழி கூறுதலே ஆற்றுப்படையாயின், அன்று அவ்வேப்பமரத்தடியில் யான் கேட்டதும் ஓர் ஆற்றுப்படையே.