எண்ணெயை ஊதாவாக்கும் வெப்பாலை

தோவாளை வட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நாட்டு மருந்துக் கடையில் வெப்பாலை இலை வாங்கி, தேங்காய் எண்ணெயில் போட்டு மொட்டைமாடி வெயிலில் வைத்தாராம். ஒன்றிரண்டு நாளில் எண்ணெய் ஊதாவாகிவிட்டது. "கடைக்காரர் சாயம் ஏற்றிய இலையைத் தந்துவிட்டாரா? இதைப் பிள்ளையின் தலையில் தேய்க்கலாமா?" என்று கேட்கிறார். கடைக்காரர் மேல் தப்பில்லை. எண்ணெய் நிறம் மாறாமல் இருந்திருந்தால்தான் அவரைச் சந்தேகப்பட வேண்டும். தலையில் தேய்ப்பதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் மரத்தைப் பார்த்துவிடலாம். அவர் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்திலேயே அது நிற்கும்.

குமரி மாவட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பச்சையைத்தான் எழுதுகிறார்கள். பேச்சிப்பாறை, ரப்பர், வாழை, குளம், தாமரை. ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டி ஒரு வறண்ட விளிம்பும் நமக்கு உண்டு என்பதை யாரும் கண்டுகொள்வதில்லை. தென்மேற்குப் பருவமழை விளவங்கோட்டையும் கல்குளத்தையும் நனைக்கிற அளவுக்குத் தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் பெய்வதில்லை. முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றும் அந்தக் காற்று, ஈரத்தை மேற்கிலேயே இறக்கிவைத்துவிட்டு வருகிறது. இந்தப் பக்கத்துப் பொற்றைகளில் மண் ஒரு சாண் இருந்தால் அதிகம். அதன் கீழே பாறை. உடையும் கள்ளியும் உசிலும் வளர்கிற அந்த இடம்தான் வெப்பாலைக்குத் தோது.

பெரிய மரமில்லை. நல்ல மண்ணில் இரண்டு ஆள் உயரத்தைத் தாண்டி வளரும்; பாறை இடுக்கில் புதராகவே நின்றுவிடும். வெளிறிய வழவழப்பான பட்டை, எதிரெதிராக அமைந்த இலைகள், எங்கே கிள்ளினாலும் பால். அரளி, நந்தியாவட்டை எல்லாம் இதன் பங்காளிகள். கும்பப்பூ அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடக்கும் நேரத்தில் மரம் ஏறக்குறைய மொட்டையாக நிற்கும். பிறகு, மழைக்குக் காத்திராமல், பங்குனி, சித்திரை வெயிலில் புதுத்தளிரும் பூவுமாகச் சேர்ந்து வெடிக்கும். ஐந்து வெள்ளை இதழ். நடுவில் கிழிந்த விளிம்போடு சின்ன வெள்ளைக் குஞ்சம். அதன் நடுவே கூம்பாகச் சேர்ந்து நிற்கும் மகரந்தப் பைகள். வாசனையில் பிச்சிக்கு அக்கா தங்கை என்றே சொல்லலாம். ஆனால் பக்கத்திலேயே இருக்கும் தோவாளைப் பூச்சந்தையில் இதற்கு விலை கிடையாது.

சங்கத் திணைகளில் வறண்ட நிலத்துக்குப் பெயர் தந்த பாலை இந்த மரம்தானா, உலக்கைப்பாலையா என்று அறிஞர்கள் வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள். தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. சித்திரையில் மருந்துவாழ்மலை அடிவாரத்தில் நின்றால் வெப்பாலைக்கே ஓட்டுப் போடத் தோன்றும் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

காயை வைத்து இந்த மரத்தைச் சட்டென்று அடையாளம் பிடிக்கலாம். ஒரு பூவிலிருந்து இரண்டு காய். ஒரு முழம் வரை நீண்டு, காம்பில் பிரிந்து, நுனியில் மறுபடி ஒட்டிக்கொண்டு தொங்கும். பூவிலேயே இதற்கு ஏற்பாடு இருக்கிறது: சூலகம் இரண்டாகப் பிரிந்திருந்தாலும் மேலே சூல்தண்டு ஒன்றுதான். முற்றிக் காய்ந்ததும் இரண்டும் விலகி வெடிக்கும். உள்ளே ஒல்லியான பழுப்பு விதைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கொத்து வெள்ளைப் பட்டுமயிர். அந்தக் கொத்து விதையின் எந்த முனையில் இருக்கிறது என்று பாருங்கள். காம்புப் பக்கம் பார்த்திருந்தால் வெப்பாலை. நுனிப் பக்கம் பார்த்திருந்தால் குடசப்பாலை. இரண்டையும் மாற்றி விற்பது பழைய கதை. குடசப்பாலை அரிசி கடும் கசப்பு, வெப்பாலை அரிசியில் அந்தக் கசப்பு இல்லை. வயிற்றுக் கடுப்புக்கு வைத்தியர் கேட்பது கசப்பானதை.

இனி அந்த ஊதாவுக்கு வருவோம். எனக்கு இந்த மரத்தின் மேல் பித்துப் பிடித்ததே அதனால்தான். பள்ளிவிட்டு வரும் வழியில் நாவல்பழம் தின்றுவிட்டு ஒருவருக்கொருவர் நாக்கை நீட்டிக் காட்டுவோமே, அசல் அந்த நிறம். பச்சை இலையில் அது எங்கே ஒளிந்திருந்தது?

ஒளிந்திருக்கவில்லை, இலை வாடும்போதுதான் உண்டாகிறது. உயிருள்ள இலையில் இருப்பது நிறமற்ற ஒரு பொருள். சர்க்கரையோடு பிணைந்து செல்லுக்குள் தனி அறையில் கிடக்கிறது. பிணைப்பை அறுக்கும் நொதி வேறோர் அறையில். இலை வாடினாலோ கசங்கினாலோ அறைச்சுவர் உடைந்து இரண்டும் சந்திக்கின்றன. சர்க்கரை கழன்றதும் மிஞ்சுவது இன்டாக்சில். அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கூடி இரண்டிரண்டாகச் சேர்ந்தால் அவுரி நீலம். ஒரு பகுதி வேறு வழியில் போய் ஐசாட்டின் ஆகி, மிச்சமிருக்கும் இன்டாக்சிலோடு சேர்ந்தால் இன்டிரூபின் என்ற சிவப்பு. நீலமும் சிவப்பும் சேர்ந்தால் என்ன நிறம் என்று சொல்ல வேண்டியதில்லை. குப்பியில் கருநீலமாகத் தெரியும் எண்ணெயை ஒரு சொட்டு வெள்ளைத் தட்டில் விட்டுப் பாருங்கள், சிவப்பு தலைகாட்டும்.

ஆக, அவுரிச் செடிக்கும் இந்த மரத்துக்கும் சாயத் தொழிலில் உறவு. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக வந்து சாமல்கோட்டையில் தோட்டம் போட்ட வில்லியம் ராக்ஸ்பரோ, 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்த இலையிலிருந்து நீலம் எடுத்துக் காட்டினார். அவுரியைத் தண்ணீரில் ஊறப்போட்டால் போதும், இதற்குச் சூடு வேண்டும் என்பதையும் அவர் கவனித்திருக்கிறார். சென்னை மாகாணத்தில் 'பாலா இண்டிகோ' என்ற பெயரில் கொஞ்ச காலம் வியாபாரமும் நடந்தது. 1897இல் ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் அவுரியே படுத்துவிட்டது, வெப்பாலை எம்மாத்திரம்!

மருந்துக் கதை அப்படி முடியவில்லை. காளாஞ்சகப்படை என்று சித்த மருத்துவம் சொல்லும் சொரியாசிஸ் நோய்க்கு இந்த எண்ணெய் '777 எண்ணெய்' என்ற பெயரில் சென்னையில் ஆராயப்பட்டுப் புழக்கத்துக்கு வந்தது. சீனத்திலும் தைவானிலும் வேறு செடிகளிலிருந்து எடுக்கும் நீலப்பொடியை இதே நோய்க்குப் பூசுகிறார்கள். அந்தப் பொடியிலும் இருப்பது இன்டிரூபின்தான். செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதை அது தடுக்கிறது என்பதால், ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கும் சீனத்தில் அதைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். கடல் கடந்த இரண்டு வைத்திய மரபுகள், வெவ்வேறு செடியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரே மூலக்கூறில் வந்து நின்றிருக்கின்றன. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இதில் வியப்புக் குறைவதில்லை.

மரக்கட்டைக்கும் மதிப்புண்டு. வெள்ளை நிறம், நெருக்கமான இழை, கடைசலுக்கு அருமையாக இணங்கும். கர்நாடகத்துச் சன்னபட்டணா பொம்மைகளும் ஆந்திரத்து ஏட்டிகொப்பாக்கா பொம்மைகளும் இந்த மரத்தில்தான் பிறந்தன. சுழலும் கட்டை மேல் அரக்குக் குச்சியை அழுத்தினால், உரசும் சூட்டிலேயே அரக்கு உருகிப் பளபளவென்று ஏறிவிடும். குழந்தை வாயில் வைத்துக் கடித்தாலும் பயமில்லாத மரம் என்று அந்தக் கைவினைஞர்கள் நம்புகிறார்கள்.

இவ்வளவும் தரும் மரத்தை நாம் எப்படி வைத்திருக்கிறோம்? மலையடிவாரங்களில் கை எட்டும் கிளையெல்லாம் மொட்டையடிக்கப்பட்ட வெப்பாலைகளைப் பார்த்திருக்கிறேன். இலை வேண்டும் என்று கொப்பையே ஒடித்து இழுத்துப் போகிறார்கள். கோடையில் புல்லுக்கு வைக்கும் தீ, எழும்பி வரும் கன்றுகளைக் கருக்கிவிடுகிறது. பொற்றையை உடைத்துச் சல்லியாக்கும் இடத்தில் கேட்கவே வேண்டாம், அங்கே மரத்துக்குக் கால் ஊன்ற இடமே மிஞ்சாது. மறுபுறம் மரம் நடு விழா என்றால் குல்மோகரும் கோனோகார்பஸும் லாரியில் வந்து இறங்குகின்றன. தண்ணீர் கேட்காத, கோடையில் பூக்கிற, நம் மண்ணிலேயே பிறந்த மரம் பக்கத்துப் பொற்றையில் நிற்கிறது. நாற்றங்காலில் கேட்டால் உதட்டைப் பிதுக்குகிறார்கள். இதற்கு மழையையோ காற்றையோ குறை சொல்லிப் பயனில்லை.

வாசகிக்குப் பதில். பொடுகுக்குத் தேய்ப்பது நம் பக்கத்தில் வழக்கம்தான். முதலில் முழங்கையின் உட்பக்கம் கொஞ்சம் தடவி, ஒருநாள் அரிப்போ தடிப்போ வராவிட்டால் தேய்க்கலாம். தலையணை உறையில் கறை பிடித்தால் என்னைத் திட்டாதீர்கள். தோலில் செதில் செதிலாக உரிந்தால் குழந்தையை மருத்துவரிடம் காட்டுங்கள். எண்ணெயை நம்பி நாள் கடத்த வேண்டாம்.

அடுத்த முறை இலையைக் கடையில் வாங்காமல் வீட்டிலேயே பறிக்க ஒரு யோசனை. தை வாக்கில் காய்கள் பழுப்பேறி வெடிக்கத் தொடங்கும். வெடிப்பதற்கு முன் ஒரு சோடிக் காய் மட்டும் எடுத்து வாருங்கள், மற்றதைக் காற்றுக்கு விட்டுவிடுங்கள். பட்டுமயிரை உதிர்த்துவிட்டு, விதையைப் பழையதாக விடாமல் மணல் கலந்த மண்ணில் உடனே ஊன்றுங்கள். ஆனியில் சாரல் தொடங்கும்போது கன்றை வேலியோரமாக நட்டுவிடலாம்.