செவ்வாய்க்கிழமை யார் யார் வருகிறார்கள்?

கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரலுக்குக் கொமுட்டர் ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். பிரிக்பீல்ட்ஸில் இறங்கி, எல்ஆர்டி பிடித்து, கெரிஞ்சி நிலையத்துக்குப் போக வேண்டும். வாரத்தில் மூன்று நாள் இப்படிப் பயணம் செய்யும் மென்பொருள் துறையினரில் நானும் ஒருவன். அலுவலகம் போவதில் எனக்கு மறுப்பில்லை. போய்ச் சேர்ந்த பிறகு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வீட்டில் இருக்கும் சக ஊழியரிடம் திரையில் பேசுவதற்கு இத்தனை தூரம் ஏன் என்பதுதான் என் கேள்வி.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது எல்லாரும் ஒன்றாக வீட்டுக்குப் போனோம். சிரமம் எல்லாருக்கும் ஒன்றுதான். இப்போதைய கலப்பு முறையில் பாதிப்பேர் கூட்ட அறையில், மீதிப்பேர் வீட்டில். கூட்டம் முடிந்து காப்பி கலக்கப் போகும் இருவர் அங்கேயே ஒரு முடிவை மாற்றிவிடுவார்கள். வீட்டில் இருப்பவருக்கு அது தெரிய இரண்டு நாள் ஆகும். அதற்குள் அவர் பழைய முடிவின்படி பாதி வேலையை முடித்திருப்பார். அதனால் எங்கள் குழுவில் இப்போது ஒரு விதி: எங்கே பேசினாலும் முடிவு எழுத்தில் இருக்க வேண்டும்.

அதிகம் இழப்பது புதியவர்கள்தான். நிரல் எழுதக் கல்லூரியில் கற்றுக்கொள்ளலாம். பத்து ஆண்டுப் பழைய நிரலில் எந்த வரியைத் தொட்டால் எது கவிழும் என்பதைப் பக்கத்து நாற்காலிக்காரரிடம்தான் கேட்க வேண்டும். அமெரிக்காவின் பெரிய நிறுவனம் ஒன்றில் மென்பொருள் பொறியாளர்களை ஆராய்ந்தபோது, ஒரே கட்டடத்தில் இருந்த குழுக்களில் நிரல் பற்றிய கருத்துகள் கூடுதலாகக் கிடைத்திருக்கின்றன. ஆனால், சொல்லிக்கொடுத்த மூத்தவர்களின் சொந்த வேலை குறைந்தது. இந்த இரண்டாவது பாதியை நிர்வாகங்கள் வசதியாக மறந்துவிடுகின்றன. மூத்தவருக்கு வேலைப்பளுவைக் குறைக்காமல், "வந்து உட்காருங்கள்" என்றால் மட்டும் போதாது.

சீனாவின் டிரிப்.காம் நிறுவனத்தில் 1,612 பேரிடம் நடந்த சோதனையும் இங்கே பொருந்தும். 2024இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்தவர்களின் பணித்தரம் குறையவில்லை; வேலையை விட்டுப் போனவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். பெண்களிடமும் தொலைதூரத்திலிருந்து வருபவர்களிடமும் இந்தப் பலன் தெளிவாகத் தெரிந்தது. கிள்ளான்வாசிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

திருத்தப்பட்ட வேலைச் சட்டம் 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. வேலை நேரம், நாள், இடம் ஆகியவற்றில் மாற்றம் கேட்டு எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். விண்ணப்பிப்போர் 'வீட்டிலிருந்து வேலை' என்று பொதுவாக எழுதாமல், குழு முழுவதும் எந்த நாளில் ஒன்றுகூடும், எந்த நாள் வீட்டில் என்று குறிப்பிட்டே கேளுங்கள். எங்கள் குழுவுக்குக் கிடைத்தது செவ்வாய்க்கிழமை. அன்று மட்டும் யாரும் ஹெட்போன் மாட்டுவதில்லை.