காட்டு முயல் குட்டியைக் கண்டால் கையில் எடுக்காதீர்கள்!

மூலனூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார்.

'காட்டில் சோளத்தட்டு அறுக்கும்போது மூன்று முயல் குட்டிகள் இருந்தன. சுற்றிலும் தேடியும் தாயைக் காணோம். பேரப்பிள்ளைகள் ஆசைப்பட்டதால் சாளைக்கு எடுத்து வந்து பசும்பால் கொடுத்தோம். இரண்டு நாளில் இரண்டு செத்துவிட்டன. மூன்றாவதைக் காப்பாற்ற என்ன கொடுக்க வேண்டும்? வளர்த்துப் பெருக்கினால் முயல் பண்ணை போடலாமா? எங்கள் பக்கம் முயலால் கடலைச்செடி வீணாகிறது என்று சிலர் மருந்து வைக்கிறார்கள். அது சரியா?'

குட்டியின் உயிர் ஊசலாடும்போது பத்திரிகை அச்சாகும் வரை காத்திருக்க முடியாது. அவருக்கு அன்றே போனில் பதில் சொல்லிவிட்டேன். ஆனால் இந்த மூன்று கேள்விகளும் வெள்ளகோவில், தாராபுரம், காங்கயம், சின்னதாராபுரம் பக்கமெல்லாம் எனக்குப் பழக்கமானவை. அதனால் எல்லோருக்கும் பயன்படட்டும் என்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான் செய்த தவறு

முப்பது ஆண்டுகளுக்கு முன், வேளாண்மை அலுவலராக வேலைக்குச் சேர்ந்த புதிது. தாராபுரம் பக்கம் ஒரு கொறங்காட்டு ஓரத்தில் விதைப்பண்ணை பார்க்கப் போயிருந்தேன். கிளுவை வேலிக்கு அடியில், கொழுக்கட்டைப்புல் தூருக்குள் இரண்டு முயல் குட்டிகள். கைக்குள் அடங்கும் அளவு. கண் திறந்திருந்தது, உடம்பு முழுக்க முடி. கிட்டே போயும் ஓடவில்லை. தாய் விட்டுவிட்டுப் போய்விட்டது என்றே நினைத்தேன்.

அந்தத் தோட்டத்து அமத்தா, "எடுக்காதீங்க சார், பொழுதோட ஆத்தா வந்துரும்" என்றார். நான் கேட்கவில்லை. பட்டம் வாங்கியவன் அல்லவா! அட்டைப்பெட்டியில் வைக்கோல் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன். மை நிரப்பும் பில்லரில் பசும்பால் ஊட்டினேன். மூன்றாம் நாள் காலையில் இரண்டும் விறைத்துக் கிடந்தன.

அடுத்த வாரம் அந்தத் தோட்டத்துக்குப் போனபோது அமத்தா திட்டவில்லை. "நாலு நாளா ஆத்தா முயல் அந்தப் புல்லுக்கிட்டயே வந்து நின்னுட்டுப் போச்சுங்க சார்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

தாய் ஏன் பக்கத்தில் இல்லை?

நம் காடுகளில் திரிவது கழுத்துக்குப் பின்னால் கறுப்புத் திட்டு உள்ள இந்தியக் காட்டு முயல். வால் மேல்பக்கமும் கறுப்பு. கூண்டில் வளர்க்கும் வெள்ளை முயலும் இதுவும் ஒன்றல்ல. அது வளை தோண்டி வாழ்ந்த ஐரோப்பிய முயலின் வழி வந்தது. முடி இல்லாமல், கண் மூடியபடி குட்டி போடும். காட்டு முயல் வளை தோண்டாது. புல் தூரிலோ, செடி மறைவிலோ உடம்பு படியும் அளவு ஒரு பள்ளம்தான் அதன் வீடு. அதனால் குட்டிகள் பிறக்கும்போதே கண் திறந்து, முடியோடு பிறக்கின்றன.

திறந்த வெளியில் குட்டியைக் காப்பாற்ற தாய்க்குத் தெரிந்த ஒரே வழி, பக்கத்தில் இல்லாமல் இருப்பதுதான். தாய் கூடவே இருந்தால் அதன் வாடையும் நடமாட்டமும் நரிக்கும் நாய்க்கும் இடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். பகல் முழுவதும் தாய் எங்கோ தள்ளிப் படுத்திருக்கும். இருட்டும் நேரத்தில் வந்து, சில நிமிடம் பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். பெரும்பாலும் நாளைக்கு ஒரு தடவைதான். குட்டிகள் சில நாளானதும் தனித்தனியாகப் பிரிந்து படுத்துக்கொள்ளும், பால் குடிக்க மட்டும் ஒன்று கூடும். ஆள் கிட்டே போனாலும் ஓடாமல் அசையாமல் கிடப்பது அவற்றின் பாதுகாப்பு. நாம்தான் அதை 'அநாதை' என்று தவறாகப் புரிந்துகொள்கிறோம்.

பசும்பால் ஏன் சேரவில்லை? முயல் பாலில் பசும்பாலைவிடப் பல மடங்கு கொழுப்பு உண்டு. அதனால்தான் ஒரு நேரப் பால் நாள் முழுக்கத் தாங்குகிறது. பசும்பால் கொடுத்தால் சத்து போதாது, கழிச்சலும் வயிறு உப்புசமும் வரும். பில்லரில் ஊட்டும்போது பால் நுரையீரலுக்குள் போவதும் உண்டு. ஆட்கள், நாய், டிவி சத்தம் என்று பயத்திலேயே பாதி உயிர் போய்விடும்.

குட்டியைப் பார்த்தால் என்ன செய்வது?

* காயம் இல்லாத குட்டி என்றால் தொட வேண்டாம். அந்த இடத்தைச் சுற்றி நாலைந்து அடிக்கு அறுக்காமல் விட்டுவிடுங்கள். ஒரு குச்சி நட்டுத் துணி கட்டினால் வேலையாட்களுக்கு அடையாளம்.
* எடுத்து வந்துவிட்டீர்களா? அன்று பொழுது சாய்வதற்குள், எடுத்த அதே இடத்தில், துணியால் பிடித்துக் கொண்டுபோய் வையுங்கள். மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையல்ல. வைத்துவிட்டு நின்று வேடிக்கை பார்க்காமல் வந்துவிட வேண்டும். நாயைக் கட்டி வையுங்கள்.
* நாய் கடித்ததோ, மிஷினில் அடிபட்டதோ என்றால் நீங்களே வைத்தியம் பார்க்காமல் வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.
* புல்லோ தட்டோ அறுப்பதற்கு முன் ஒரு நடை உள்ளே போய்ப் பாருங்கள். பிரஷ் கட்டர், டிராக்டர் அறுவடையில் நாலு ஓரத்திலிருந்தும் உள்நோக்கி அறுத்தால் உயிரினங்கள் நடுவில் மாட்டிக்கொள்ளும். நடுவிலிருந்து வெளிநோக்கி அறுத்தால் அவை ஓடிப் பிழைக்கும். இது கௌதாரிக்கும் பொருந்தும்.

பண்ணை போடலாமா?

கூடாது. காட்டு முயல், 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. பிடிப்பது, கொல்வது, கறியை விற்பது மட்டுமல்ல, வீட்டில் வைத்து வளர்ப்பதும் குற்றம். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு 3 ஆண்டு வரை சிறையோ, 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். பொங்கல், திருவிழா சமயத்தில் 'வழக்கம்தானே' என்று முயல் வேட்டைக்குப் போய் மாட்டிக்கொள்பவர்களைப் பற்றிச் செய்தி வந்துகொண்டேதான் இருக்கிறது. வேட்டைக்கு வரும் வெளியாட்களுக்குத் தோட்டத்தில் இடம் கொடுப்பவருக்கும் சிக்கல்தான்.

சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் காட்டு முயல் கூண்டில் தேறாது. முட்டி மோதியே செத்துவிடும். வளர்ப்பு முயலோடு சேர்த்து இனம் பெருக்கவும் முடியாது. காட்டு முயலுக்கு 48 குரோமோசோம், வளர்ப்பு முயலுக்கு 44.

முயல் வளர்ப்பில் ஆர்வம் உள்ளவர்கள் சோவியத் சின்சில்லா, ஒயிட் ஜெயன்ட், நியூசிலாந்து ஒயிட் போன்ற வளர்ப்பு இனங்களுக்குப் போகலாம். கொடைக்கானல் மன்னவனூரில் உள்ள மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையத்தில் இவை பற்றி விசாரியுங்கள். கறிக்குச் சந்தை எங்கே என்பதை உறுதி செய்துகொண்ட பிறகு கூண்டு வாங்குங்கள்.

கடலைச் செடியைத் தின்றது முயல்தானா?

முயல் பயிரைத் தின்பது உண்மை. கடலை, தட்டைப்பயறு, பாசிப்பயறு முளைத்து வரும்போது இளம் குருத்து அதற்குப் பிடிக்கும். கோடையில் பச்சை இல்லாத சமயம் முருங்கை, மலைவேம்பு கன்றுகளின் பட்டையையும் கடிக்கும். ஆனால் எல்லாப் பழியையும் முயல் மேல் போடுகிறோம். செலவு செய்யும் முன் விடியற்காலையில் போய்த் தடயம் பாருங்கள்.

முயல்: கத்தியால் சாய்வாக வெட்டியதுபோல் தண்டு சுத்தமாக அறுபட்டிருக்கும். தரையிலிருந்து இரண்டு அடிக்குள்தான் கடி இருக்கும். புழுக்கை உருண்டையாக, சற்றுத் தட்டையாக, வைக்கோல் நிறத்தில் இருக்கும். நசுக்கினால் நார் தெரியும். ஆட்டுப் புழுக்கை நீளவாட்டில் கறுப்பாக இருக்கும்.

மான்: மேல் முன்பல் கிடையாது என்பதால் தண்டு பிய்ந்து கிழிந்திருக்கும். உயரத்திலும் மேய்ந்திருக்கும்.

மயில்: விதையையும் முளையையும் கொத்திப் பிடுங்கிப் போட்டிருக்கும். கால்தடம் பெரிதாகத் தெரியும்.

எலி: வளை இருக்கும். காய் பிடித்த பிறகு மண்ணுக்குள் கடலையைத் தேடும்.

காட்டுப்பன்றி: செடியோடு மண்ணைக் கிளறிப் புரட்டியிருக்கும்.

என் அனுபவத்தில் 'முயல் தொல்லை' என்று கூப்பிட்டவர்களில் பாதிப் பேர் காட்டில் நான் பார்த்தது மயில் தடம்தான்.

காப்பது எப்படி?

முயலால் சேதம் வருவது பெரும்பாலும் முதல் 30 நாளில்தான். அந்த ஒரு மாதத்தைத் தாண்டிவிட்டால் போதும். கொறங்காடோ புதரோ ஒட்டிய பக்கம் மட்டும் மூன்றடி உயரக் கோழிவலை கட்டுங்கள். கண் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். வலையின் அடிப்பகுதி அரை அடியை வெளிப்பக்கம் மடக்கித் தரையில் படியவிட்டுக் கல் வையுங்கள். காட்டு முயல் வலையில் ஏறாது, வளையும் தோண்டாது. அடியில் நுழைய வழி இல்லாவிட்டால் திரும்பிவிடும். பயிர் தேறியதும் சுருட்டி வைத்தால் அடுத்த பட்டத்துக்கும் ஆகும். நைலான் மீன்வலை வேண்டாம். எலி தின்னும் சாரைப்பாம்பு அதில் சிக்கிச் சாகும்.

மரக்கன்றுகளுக்கு ஆளுக்கொரு இரண்டடி வலைக்குழாய் போதும். நுனி மட்டும் போன கடலைச்செடியைப் பிடுங்கிவிடாதீர்கள். அடிக்கணு இருந்தால் பக்கக்கிளை விட்டுத் தேறும்.

மருந்து வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குருணை மருந்தைத் தீனியில் கலந்து வைத்தால் முயல் மட்டுமா தின்னும்? உங்கள் செம்மறி தின்னும், பட்டி நாய் தின்னும், மயில் தின்னும். மயில் முதல் அட்டவணையில் இருப்பது. குற்றம் உறுதியானால் குறைந்தது 3 ஆண்டு சிறை. மின்கம்பி இழுப்பது அதைவிட மோசம். பன்றிக்கும் முயலுக்கும் வைத்த கம்பியில் இரவில் தண்ணீர் கட்டப் போனவர் செத்த கதைகளை நாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். ஒரு பிடி கடலைக்கு ஒரு உயிரா?

அடித்துக் கொன்றால் தீருமா?

அமெரிக்காவில் ஜாக் ராபிட் என்று ஒன்று உண்டு. பெயர்தான் ராபிட், உண்மையில் அது நம் காட்டு முயலின் பங்காளி. 1930களில் கான்சாஸ் மாநிலத்தில் கடும் வறட்சி, புழுதிப் புயல். மிஞ்சிய பயிரையும் இந்த முயல்கள் தின்றன. ஊர் ஊராக ஆயிரக்கணக்கான மக்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வரிசை கட்டி நடந்து, முயல்களை வேலிக்குள் விரட்டித் தடியால் அடித்துக் கொன்றார்கள். அதற்குப் பல ஆண்டு முன்பிருந்தே, முயலைத் தின்னும் கொயோட் என்ற நரி போன்ற விலங்கைக் கொன்றால் பணம் கொடுக்கும் வழக்கமும் அங்கே இருந்தது.

நம் பக்கமும் யோசித்துப் பாருங்கள். நரி ஊளை கேட்டு எத்தனை நாளாயிற்று? முயல் குட்டியைத் தின்று கணக்கைச் சரியாக வைத்திருந்தது நரியும் கோட்டானும் கழுகும்தான். இன்று அந்த இடத்துக்குத் தெருநாய்க் கூட்டம் வந்திருக்கிறது. காங்கயம், வெள்ளகோவில் பக்கம் பட்டிக்குள் புகுந்து செம்மறிகளைக் கடித்துக் குதறுவது அந்த நாய்கள்தான். கிளுவை வேலியை எடுத்துவிட்டுக் கல்லுக்கால் கம்பிவேலி போட்டதில் முயலுக்கு மட்டுமல்ல, நமக்கு வேண்டிய பல உயிர்களுக்கும் மறைவிடம் போனது. கொறங்காட்டில் மேய்ச்சலுக்குப் புல் இருந்தால், முயலும் அதைத் தின்றுவிட்டு அங்கேயே கிடக்கும். பச்சை இல்லாதபோதுதான் நம் கடலைக்கு வருகிறது.

கடைசியாக, மூலனூர் வாசகர் கதை. நான் சொன்னபடி மூன்றாவது குட்டியை அன்று சாயங்காலமே எடுத்த இடத்தில் வைத்துவிட்டு, நாயைக் கட்டிப்போட்டார். மறுநாள் விடிந்ததும் பேரனும் அவரும் போய்ப் பார்த்தார்களாம். குட்டி அங்கே இல்லை. நாய்த் தடமும் இல்லை, ரத்தமும் இல்லை. இரண்டடி தள்ளிப் புல்லில் புதிதாகப் பெரிய முயல் புழுக்கை கிடந்ததாம்.

"ஆத்தா வந்திருக்குமுங்களா சார்?" என்று போனில் கேட்டார்.

வந்திருக்கும் என்றுதான் நானும் நம்புகிறேன். அந்தப் பேரன் இனி முயல் குட்டியைக் கையில் எடுக்கமாட்டான். நான் முப்பது வருடத்துக்கு முன்னால் அந்த அமத்தா பேச்சைக் கேட்டிருக்க வேண்டும்.

உங்கள் காட்டில் எந்த விலங்கு எந்தப் பயிரை எப்படிக் கடித்திருக்கிறது என்று போட்டோவோடு கேள்வி அனுப்புங்கள். கடித்த தண்டும், பக்கத்தில் கிடக்கும் புழுக்கையும், கால்தடமும் படத்தில் தெரியட்டும். பாதிப் பதில் அதிலேயே இருக்கும்.