உங்கள் ஊர் வானம் உங்கள் மானிட்டரில்!

கேம்ஸ், சினிமா தவிர கம்ப்யூட்டரில் வேறென்ன பார்க்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஸ்டெல்லேரியம். நிலாவும் கோள்களும் இன்று எத்தனை மணிக்கு, எந்தத் திசையில் தெரியும் என்று காட்டும் இலவச புரோகிராம். ஸ்டெல்லேரியம் டாட் ஆர்க் தளத்தில் கிடைக்கிறது.

இன்ஸ்டால் செய்தவுடன் மொட்டை மாடிக்கு ஓடிவிடாதீர்கள். முதலில் எஃப்6 கீயை அழுத்தி ஊரைச் சரிபாருங்கள். தானாக வரும் ஊர், உங்கள் இன்டர்நெட் இணைப்பு காட்டும் சென்னையாகவோ மும்பையாகவோ இருக்கலாம். கீழக்குயில்குடிக்காரர்கள் மதுரை என்று கொடுத்தால் போதும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் வானம் மாறிவிடாது.

ஊர் மாறினால் என்ன ஆகும்? சோதித்துப் பாருங்கள். ஊர் திண்டுக்கல். எஃப்5 அழுத்தி 2019 டிசம்பர் 26, காலை 9.30 என்று கொடுங்கள். எஃப்3 அழுத்தி சூரியனைத் தேடி, ஸ்லாஷ் கீயால் பெரிதாக்குங்கள். எல் கீயை ஒரு முறை தட்டினால் நேரம் வேகமாக ஓடும். நிலா நடுவில் வர, சூரியன் வளையலாக மாறும். ஊரை மட்டும் சென்னைக்கு மாற்றி மறுபடி ஓட்டுங்கள். வளையல் வராது, பிறைதான்! (நிஜ சூரியனைப் பைனாகுலரில் பார்க்கவே கூடாது.)

அடுத்தது கடிகாரம். புரோகிராம் நேரத்தைக் கம்ப்யூட்டரிலிருந்தே எடுக்கிறது. சிமாஸ் பேட்டரி தீர்ந்து தேதி ஒரு நாள் பிசகினால், நிலா உதயம் சுமார் 50 நிமிடம் தப்பும்.

இன்னொன்று, திரையில் தெரியும் தரை பிரான்சு நாட்டு கிராமம் ஒன்றின் படம். நம் சமணர் மலை அதில் கிடையாது! மலையடிவாரத்தில் நிற்பவருக்கு, மலைப்பக்கம் உதிக்கும் கோள் தாமதமாகத்தான் தெரியும். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் சுமார் 10 டிகிரி. அடிவானத்திலிருந்து மலை உச்சி எத்தனை முஷ்டி என்று அளந்து, முஷ்டிக்கு 40 நிமிடம் வீதம் உதய நேரத்தோடு கூட்டிக்கொள்ளுங்கள். நம் ஊரில் கோள்கள் ஏறக்குறைய செங்குத்தாக ஏறுவதால் இந்தக் கணக்கு நன்றாகவே பொருந்தும்.

நிலாவின் பள்ளங்களைப் பார்க்கப் பௌர்ணமி வேண்டாம். வளர்பிறை அஷ்டமியை ஒட்டிப் பாருங்கள். பாதி நிலாவின் ஓரத்தில்தான் நிழல் நீளமாக விழும். வியாழனைத் திரையில் பெரிதாக்கி, அருகிலுள்ள நான்கு நிலவுகளின் வரிசையைத் தாளில் குறித்துக்கொண்டு, பைனாகுலரைச் சுவரில் ஊன்றி ஒப்பிடுங்கள். லேப்டாப்பை மாடிக்கு எடுத்துப்போனால் கண்ட்ரோலுடன் என் கீயை அழுத்துங்கள். திரை சிவப்பாகி, கண் கூசாது.