காத்தாடி ஓரூரில், கணக்கு வேறூரில்

மேட்டுப்பாளையத்தை ஒட்டி நீலகிரி அடிவாரத்தில் இருக்கும் ஓடந்துறை ஊராட்சி, 2006-ல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக வாங்கியது. விலை 1.55 கோடி ரூபாய். அதில் 40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு, மீதி 1.15 கோடி வங்கிக் கடன். அப்போதைய தலைவர் ஆர். சண்முகத்தின் பெயரோடு செய்தி நாடெங்கும் பரவியது. ஆனால் ஓடந்துறைக்குப் போய் அந்தக் காத்தாடியைத் தேடினால் கிடைக்காது. அதை நிறுவியது சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளி, உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்து மைவாடியில்.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. காற்று இருக்கும் இடத்தில்தான் காற்றாலை வைக்க முடியும். ஓடந்துறைக்கு மலை மறைப்பு. உடுமலை, பல்லடம் பக்கமோ பாலக்காட்டுக் கணவாய்க்கு நேர் எதிரே விரிந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் மலைத்தொடரின் இடைவெளியில் புகுந்து வரும் காற்று அங்கே வேகம் பிடிக்கிறது. அந்த வேகத்தில் சிறு வித்தியாசமும் பெரிய பணம். காற்றிலுள்ள ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடுகிறது. நொடிக்கு 5 மீட்டர் வீசும் இடத்தைவிட 6 மீட்டர் வீசும் இடத்தில் ஆற்றல் 73 சதவீதம் அதிகம். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் எட்டு மடங்கு. ஊர்ப் பெருமைக்காகக் காத்தாடியை ஓடந்துறையிலேயே நட்டிருந்தால் கடன்தான் மிஞ்சியிருக்கும்.

ஒரு கிராமத்துக்குச் சிறிய காற்றாலையால் என்ன நன்மை, என்ன தொல்லை என்று மதிப்பிட வேண்டுமானால், முதலில் பெயர்ப்பலகையில் இருக்கும் கிலோவாட்டை மறந்துவிட வேண்டும். 350 கிலோவாட் இயந்திரம் ஆண்டு முழுக்க முழு வேகத்தில் ஓடினால் 30.66 லட்சம் யூனிட் வர வேண்டும். ஓடந்துறைக் காற்றாலைக்குச் சொல்லப்பட்ட ஆண்டு உற்பத்தி சுமார் 6.75 லட்சம் யூனிட், அதாவது 22 சதவீதம். இது மோசமான எண் அல்ல. ஆடிக் காற்றில் அம்மி பறக்கும் ஊரில் தை மாதம் இறகு அசையாமல் நிற்பதும் சேர்ந்த கணக்கு இது. உற்பத்தியின் பெரும்பங்கு மே முதல் செப்டம்பர் வரைதான்.

ஓடந்துறையின் தேவை சுமார் 4.5 லட்சம் யூனிட் என்றார்கள். மைவாடியில் மின்கட்டமைப்புக்குள் போகும் யூனிட் ஓடந்துறையின் கணக்கில் வரவு வைக்கப்படும். மீதியை மின்வாரியம் வாங்கும். காற்றாலையால் ஆண்டுக்கு 19 லட்சம் வருமானம் என்று ஒரு தொகை அடிக்கடி எழுதப்படுகிறது. 2006-ல் புதிய காற்றாலைகளுக்கு நிர்ணயித்த விலை யூனிட்டுக்கு 2.90 ரூபாய். அதை 6.75 லட்சத்தோடு பெருக்கினால் சுமார் 19.5 லட்சம் வருகிறது. அப்படியானால் இது மொத்த உற்பத்தியின் மதிப்பு. மீதியை மட்டும் விற்றால் சுமார் ஆறரை லட்சம்தான் வரும். மற்றது மிச்சமான மின்கட்டணம். இரண்டும் ஊராட்சிக்கு லாபம்தான், ஆனால் ஒன்றல்ல. வட்டியையும் பராமரிப்பையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் முதல் திரும்ப ஏறத்தாழ 8 ஆண்டு ஆகும்.

இத்தனையும் ஓடந்துறைக் கணக்கு. காத்தாடிக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களின் கணக்கு வேறு. பாராட்டி எழுதியவர்கள் அந்தப் பக்கம் அதிகம் திரும்பவில்லை என்பது என் எண்ணம்.

அங்கே முதல் கேள்வி சத்தம். இந்த அளவு இயந்திரம் சுழலும் இடத்தில் ஏறத்தாழ 100 டெசிபல் ஒலி எழுப்பும். தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் சுமார் 6 டெசிபல் குறையும் என்பதால் 250 மீட்டரில் அது நாற்பதை ஒட்டி வந்துவிடும். குடியிருப்புப் பகுதியில் இரவு வரம்பு 45 டெசிபல் என்கின்றன 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள். சட்டப்படி சரி. ஆனால் அந்த வரம்பு நகரத்தையும் சேர்த்து யோசித்துப் போட்டது. வாகனமே வராத தோட்டத்துச் சாளையில் இரவு அமைதி 30 டெசிபல் அளவில் இருக்கும். அங்கே 40 தெளிவாகக் கேட்கும். பகலில் காற்றடித்தால் தென்னை ஓலையின் சலசலப்பு அதை மூடிவிடும். இரவில் தரையருகே காற்று அடங்கினாலும் கோபுர உயரத்தில் ஓயாது. மூடுவதற்கு ஓலைச் சத்தம் இருக்காது. ‘உஸ்... உஸ்...’ என்று ஒரே தாளத்தில் வருவதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. பல்சக்கரப் பெட்டி தேய்ந்த பழைய இயந்திரமானால் ரீங்காரமும் சேரும். ஆகவே மதியம் மீட்டரைக் கொண்டுவந்து அளப்பதில் பயனில்லை. ஆனி, ஆடியில், நள்ளிரவில், வீட்டு வாசலில் அளக்க வேண்டும். மத்திய அரசின் 2016 வழிகாட்டுதல் குடியிருப்பிலிருந்து 500 மீட்டர் தள்ளச் சொல்கிறது. ஓடந்துறை வாங்கியபோது அது கிடையாது.

நிழல் சிக்கலும் உண்டு. சாய்வெயிலில் இறகு சுற்றும்போது நிழல் வீட்டுக்குள் விட்டுவிட்டு அடிக்கும். ஜெர்மனியில் ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு 30 மணி நேரம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். நம் பக்கம் சூரியன் உச்சிக்கு வருவதால் தொல்லை பெரும்பாலும் கோபுரத்தின் கிழக்கு, மேற்கு வீடுகளுக்குத்தான். பறவைகளைப் பொறுத்தவரை ஒற்றைக் காத்தாடியால் பெரிய சேதம் அபூர்வம். அருகில் ஏரி, குளம் இருந்தால் பார்க்க வேண்டும். கோபுரத்துக்குப் போடும் மண்பாதை ஓடையை மறிக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

மழை விஷயம் வேறு. காத்தாடி மேகத்தைக் கலைக்கிறது என்ற பேச்சு காற்றாலை நட்ட ஊர்களில் இன்றும் இருக்கிறது. இறகு கலக்கும் காற்று தரையிலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே அடங்கிவிடும். மழை மேகம் வளர்வது கிலோமீட்டர் கணக்கான உயரத்தில். உடுமலைப் பக்கம் தென்மேற்குப் பருவத்தில் மழை குறைவதற்குக் காரணம் மலைத்தொடர். அது காத்தாடிகளுக்கு வெகு காலம் முன்பே அங்கே நிற்கிறது. அமெரிக்காவின் டெக்சாஸில் பெரிய காற்றாலைப் பண்ணைகளைச் சுற்றி இரவில் தரை வெப்பம் சற்றுக் கூடுவதைச் செயற்கைக்கோள் பதிவுகளில் கண்டிருக்கிறார்கள். ஒற்றை இயந்திரத்துக்கு அது பொருந்தாது.

ஓடந்துறையைப் பார்த்துவிட்டு மொட்டைமாடியில் ஒரு குட்டிக் காத்தாடி வைக்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பிரிட்டனில் 26 கட்டடங்களின் மேல் இவற்றைப் பொருத்தி வாரிக் ஆய்வு என்ற பெயரில் அளந்தார்கள். 2009-ல் முடிவு வந்தது. நிறுத்திவைத்த நேரத்தையும் சேர்த்தால் சராசரி உற்பத்தி, திறனில் ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை. சுவரும் மரமும் காற்றைச் சிதைத்துவிடுகின்றன. அந்தப் பணத்துக்குச் சூரியத் தகடு வாங்கலாம்.

ஊராட்சி வாங்குவதானால், விற்பவர் காட்டும் படத்துக்கு முன்னால் கிராம சபை கேட்க வேண்டியவை சில உண்டு. நடப்போகும் இடத்துக்கு அருகில் ஏற்கெனவே ஓடும் காற்றாலையின் மாதவாரி யூனிட், கடந்த மூன்று ஆண்டுகளுக்கு. பல்சக்கரப் பெட்டி பழுதானால் எத்தனை நாளில், யார் செலவில் சரியாகும் என்பது எழுத்தில். கோபுரத்திலிருந்து 500 மீட்டருக்குள் எத்தனை வீடு. அந்த வீடுகள் வேறு ஊராட்சியில் இருந்தால், அங்கிருப்பவர்களையும் அன்றைய கூட்டத்துக்கு அழைத்திருக்கிறார்களா என்பதும். மைவாடி இன்று திருப்பூர் மாவட்டம். ஓடந்துறை கோயம்புத்தூர் மாவட்டம்.