கூண்டுக்குள் போகும் தினை

கண்டியில் செல்லப் பறவைக் கடைகளில் "லவ் பேர்ட்ஸ் தீனி" என்று கேட்டால், திறந்த உரப்பையிலிருந்து மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு தானியத்தை அள்ளி நிறுத்துத் தருவார்கள். சிங்களத்தில் அதன் பெயர் தணஹால். நம் வீடுகளிலும் 'தண' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அது வேறொன்றுமல்ல, தமிழ்ப் பாடத்தில் படிக்கும் தினைதான். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தலைவி காவல் காக்கும் தினை. அங்கே கிளிகளை விரட்டுவதற்கென்றே தழல், தட்டை, குளிர் என்று தனித்தனிக் கருவிகள் வருகின்றன. அன்று கிளிக்குக் கொடுக்காமல் காத்ததை இன்று காசு கொடுத்து வாங்கிக் கிளிக்கே போடுகிறோம்!

நாம் லவ் பேர்ட்ஸ் என்று அழைக்கும் சிறு கிளியின் உண்மையான பெயர் பட்ஜெரிகார். உண்மையான லவ் பேர்ட்ஸ் ஆபிரிக்காவைச் சேர்ந்தவை. பட்ஜெரிகார் அவுஸ்திரேலியப் பறவை. ஜோன் கூல்ட் என்ற பறவையியலாளர் 1840இல் அதை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அதன் சொந்த நாட்டில் மழை பெய்து புல் விளையும் இடத்தைத் தேடிக் கூட்டமாகப் பறந்துபோய், விதை பொறுக்கித் தின்று வாழ்கிறது. ஓரிடத்து விதை பிடிக்காவிட்டால் இன்னோரிடம் போகும். கூண்டுப் பறவைக்கு அந்த வசதி இல்லை. கிண்ணத்தில் நாம் போடுவதுதான் அதற்கு உலகம். பூனையைக் கட்டிவைத்துத் தீனியும் போடாமல், தானாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண்ணைப் பற்றிய ஹதீஸை மத்ரஸாவில் படித்திருக்கிறோம். கிண்ணத்தில் எதையோ போட்டுவிட்டோம் என்பதோடு நம் பொறுப்பு முடிந்துவிடுமா என்று அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

நல்ல தீனி எது? பளபளப்பையும் நிறத்தையும் பார்த்து வாங்குகிறோம். உயிரியல் படிக்கும் மாணவி என்ற முறையில் நான் வேறொரு கேள்வி கேட்பேன்: இந்த வித்து முளைக்குமா? வித்து என்பது முளையமும் அதற்கான உணவும் ஓர் உறைக்குள் இருக்கும் உயிர்ப்பொருள். பழசாகி, சூட்டிலும் ஈரத்திலும் கிடந்தால் முளையம் இறந்துவிடும், கொழுப்பு காறிவிடும், விற்றமின்கள் குறைந்துவிடும். பார்வைக்கு மட்டும் அப்படியே இருக்கும்.

சோதிப்பதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை. தட்டில் ஈரமான டிஷ்யூ விரித்து, 100 வித்துக்களை எண்ணிப் பரப்பி, இன்னொரு தட்டால் மூடி, காயாமல் பார்த்துக்கொண்டால் போதும். நாலைந்து நாளில் முளைத்தவற்றை எண்ணலாம். மூன்று கடைகளில் வாங்கிய தினையை இப்படிப் போட்டுப் பார்த்தேன். ஒன்றில் பெரும்பாலானவை முளைத்தன. ஒன்றில் பாதிகூட இல்லை. மூன்றாவதில் விரல்விட்டு எண்ணலாம். நிறத்தில் மிக அழகாக இருந்தது அந்த மூன்றாவதுதான்! முளைக்காததெல்லாம் நஞ்சு என்று சொல்ல வரவில்லை. களைகள் பரவாமலிருக்க, சில நாடுகளில் இறக்குமதித் தானியத்தைச் சூடாக்கி முளைக்காமல் செய்வதும் உண்டு. ஆனால் உள்ளூரில் விளைந்தது என்று விற்பது முளைக்காவிட்டால், எப்போது அறுத்தது என்று கடைக்காரரிடம் கேட்கத்தான் வேண்டும்.

முளைப்பதைவிடப் பெரிய விஷயம் பூஞ்சணம். கண்டியின் ஈரக்காற்றில் திறந்த சாக்கு எத்தனை நாள் தாங்கும்? 1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. ஆராய்ந்தபோது, தீவனத்தில் கலந்த பிரேசில் நாட்டுக் கச்சான் பிண்ணாக்கில் அஸ்பர்ஜிலஸ் என்ற பங்கசு வளர்ந்து நஞ்சை உண்டாக்கியிருந்தது தெரியவந்தது. அஃப்ளடொக்சின் என்ற அந்த நஞ்சு ஈரலைத் தாக்கும். பூஞ்சணம் பிடித்த தானியத்தை வெயிலில் காயவைத்தால் மணம் போகலாம், நஞ்சு போகாது. ஆகவே மக்கல் வாடை வந்தால், நூலாம்படை போல் ஒட்டிக் கட்டியாக இருந்தால், யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். பெரிய கிளிகளுக்குக் கச்சான் போடுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மலிவு என்று ஐந்து கிலோ வாங்கி வைப்பதைவிட, இரண்டு மூன்று வாரத்துக்குப் போதுமானதை வாங்கி, காய்ந்த போத்தலில் இறுக்கி மூடி வைப்பது மேல். நடுகைக்கென்று நிறம் பூசி விற்கும் விதைகளில் பங்கசு நாசினி இருக்கும். அவற்றைப் பறவைக்குப் போடவே கூடாது.

இன்னொன்று. இந்தப் பறவைகள் உமியை உரித்துக் கிண்ணத்திலேயே போட்டுவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் தின்னும். மேலே உமி மூடியிருப்பதால் கிண்ணம் நிறைந்திருப்பது போலத் தெரியும். அடியில் ஒரு மணிகூட இருக்காது. தினமும் காலையில் உமியை ஊதிவிட்டுப் பாருங்கள். 'நிறையப் போட்டிருந்தோம், ஆனாலும் செத்துவிட்டது' என்று சொல்லும் வீடுகளில் இப்படியும் நடந்திருக்கலாம்.

தினை நமக்கு வெளியிலிருந்து வந்த புதுப் பொருளல்ல. 1660இலிருந்து 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ், 1681இல் லண்டனில் வெளியான தன் நூலில் குரக்கனையும் தணவையும் பற்றி எழுதியிருக்கிறார். ஒரு மணியிலிருந்து பல தண்டுகள் கிளைத்து, ஒவ்வொரு கதிரிலும் ஆயிரக்கணக்கில் மணி விளைவது அவருக்கு வியப்பாக இருந்தது. அப்போது அது மனிதருக்கு உணவு. சேனைப் பயிர்ச்செய்கை குறையக் குறைய, நாம் சோற்றோடு நின்றுகொண்டோம், தினை கூண்டுக்குப் போய்விட்டது.

அதை நன்றாக விளைவிக்க ஏற்ற இடம் உலர் வலயம்தான். பெரும்போக மழையோடு விதைத்தால் ஏறக்குறைய மூன்று மாதத்தில், மழை ஓய்ந்த வெயிலில் அறுக்கலாம். பறவைக்கென்று விளைவிப்பவர் சில விஷயங்களில் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். அறுவடை நெருங்கும்போது மருந்து தெளிக்கக் கூடாது. தார் வீதியில் காயப்போடாமல் பாயில் காயவைக்க வேண்டும். உடையாமல், உமியோடு, ஈரப்பதன் 12 சதவீதத்துக்கு மேற்படாமல் சாக்கில் போட வேண்டும். இதற்கெல்லாம் செலவு உண்டு. கிலோவுக்குச் சில ரூபா கூடக் கொடுக்க நாம் தயாராக இல்லாவிட்டால், அவர் ஏன் சிரமப்பட வேண்டும்?

கலவைப் பைக்கற்றுகளில் வரும் கனேரி விதை வேறு கதை. அது குளிர்நாட்டுப் பயிர். உலகில் மிக அதிகமாக விளைவிப்பது கனடா. அதன் உமியில் உள்ள நுண்ணிய மயிர்கள் தோலை அரிக்கச் செய்யும். 1997இல் சஸ்கச்சுவான் பல்கலைக்கழகத்தினர் அந்த மயிர் இல்லாத இனத்தை வெளியிட்டார்கள். ஒரு பறவைத் தீனிக்காக ஒரு பல்கலைக்கழகம் அத்தனை உழைத்திருக்கிறது. பேராதனைக்குப் பக்கத்தில் வாழும் நமக்கு இது யோசிக்க வேண்டிய விஷயம்.

எவ்வளவு நல்ல தினையானாலும் அது மட்டும் போதாது. அதில் கல்சியமும் விற்றமின் ஏயும் மிகக் குறைவு. கூண்டில் ஒரு கணவாய் ஓடு தொங்கவிடுங்கள், கழுவிய பொன்னாங்காணியோ கங்குனோ கொஞ்சம் வையுங்கள். சூரியகாந்தி விதையில் கொழுப்பு அதிகம், எப்போதாவது போதும். நம் தோட்டங்களில் தாராளமாகக் காய்க்கும் அவகாடோ இவற்றுக்கு நஞ்சு.

வீட்டில் பயிரிட விரும்பும் தங்கைமாருக்கு: முளைப்புச் சோதனையில் தேறிய தினையை நவம்பர் கடைசியில் வெயில் படும் தொட்டியில் தூவுங்கள். கண்டியில் மழை குறைந்த பெப்ரவரி, மார்ச்சில் கதிர் முற்றும். முன்பே வலை கட்டாவிட்டால் தோட்டத்துக் குருவிகள் முந்திக்கொள்ளும். முற்றித் தலைசாய்ந்த கதிரை வெட்டி, நிழலில் நன்றாக உலர்த்தி, அப்படியே கூண்டில் தொங்கவிடலாம். உதிர்த்த மணியைவிட அதைக் கொத்தித் தின்பதில் அவை நெடுநேரம் ஈடுபட்டிருக்கும். ஒரு தொட்டியின் விளைச்சல் இரண்டு பறவைகளுக்குச் சில நாட்களுக்குத்தான் வரும். நல்ல கதிர்கள் இரண்டை மட்டும் எடுத்துவைத்து, திகதி எழுதி, அடுத்த நவம்பருக்கு விதையாகப் போத்தலில் போடுங்கள்.